ஜெய்ப்பூர்க் கால் கண்ட மருத்துவர் சேத்தி

புதுச்சேரி நகருக்குத் தெற்கே பாகூர் என்னும் பேரூர் உள்ளது. அதனைச் சுற்றிலும் பரந்த ஏரியும், அவ்வேரி நீர் பாயும் நெல்வயல்களும் அமைந்துள்ளன. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைப் போற்றுவர். நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூரும் உழவுத்தொழிலில் சிறந்த ஊரே. இவ்வூர்களில் விடியற்காலையில் வரப்பின்மீது நின்று நோக்கினால், மக்கள் தம் கால்களை எத்தனை வகையாகப் பயன்படுத்துகின்றனர் என்பது விளங்கும். சேற்றில் இறங்கி ஏர் ஓட்டுவோரும், குனிந்து நாற்று நடுவோரும், குந்தி அமர்ந்து களை பறிப்போரும், சாணகல வரப்பில் சுமையுடன் நடப்போரும் காலில் செருப்பும் இன்றியே தம் பணியைச் செய்கின்றனர். வேலை முடிந்து வீடு திரும்பியதும் சம்மணமிட்டுத் தரையில் அமர்ந்து உணவு உண்கின்றனர்.

இத்தகைய உழவர் ஒருவர் விபத்தினாலோ, நீரிழிவு நோயால் ஆறாத புண்ணினாலோ ஒரு காலை இழக்க நேரிட்டால் அவர் நிலை யாதாகும்? உயிர் பிழைத்தது பெரும்பேறே எனினும், அவருடைய வயலும் தொழிலும் அவருக்கு எட்டாத தொலைவுக்குச் சென்றுவிடுகின்றன. செயற்கைக் கால் கிடைக்கும் நாளை எதிர்நோக்கி அவர் திண்ணையில் காத்திருக்க வேண்டியவராகிறார். அக்காத்திருத்தலைப் பல திங்களினின்றும் ஒரு நாளாகக் குறைக்க வழிகண்ட பெருமகனார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜெய்ப்பூர் மருத்துவர் பிரமோத் கரண் சேத்தி ஆவார்.

இளமையும் கல்வியும்

சேத்தி 1927-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் காசி மாநகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் இயற்பியல் பேராசிரியர். எதனையும் ஏன், எவ்வாறு என்று வினவி ஆராயும் இயல்பு சேத்திக்குத் தந்தையார் வழியே வாய்த்தது எனலாம். ஆக்ரா நகர மருத்துவக் கல்லூரியில் அவர் மருத்துவமும் அறுவை மருத்துவமும் பயின்று தேறினார். பின்னர் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகருக்குச் சென்று, 1954-ஆம் ஆண்டில் அறுவை மருத்துவத்தில் உயர் தகுதி பெற்றார். தாயகம் திரும்பிய அவர் இராஜஸ்தானத்தின் தலைநகராகிய ஜெய்ப்பூரில், சவாய் மான்சிங் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணியை ஏற்றார்.

சேத்தி பயின்றது பொது அறுவை மருத்துவம். ஆயினும் அக்கல்லூரியில் எலும்பு மருத்துவத்திற்குத் தனித் துறை ஒன்று வேண்டியிருந்தது. 1958-ஆம் ஆண்டில் அத்துறையைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தமக்குப் பழக்கம் இல்லாத துறை என்று அவர் பின்வாங்கவில்லை. நூல்களைக் கற்றும், நோயாளிகளைக் கூர்ந்து நோக்கியும் அத்துறையில் வல்லவரானார். எலும்பு முறிந்தவர்களும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய சிறுவர்களும், கால் அகற்றப்பட்டவர்களும் அவரை நாடி வந்தனர். அறுவை முடிந்ததும் மருத்துவரின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை அவர்களே அவருக்கு உணர்த்தினர்.

காத்திருத்தலின் துன்பம்

காலை அகற்றிய பின்னர் எஞ்சிய பகுதியில் உள்ள புண் ஆற வேண்டும். வீக்கம் வடிய வேண்டும். துணிக்கட்டு இறுக்கிக் கட்டி அப்பகுதியைச் சீரான வடிவத்திற்குக் கொண்டுவர வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். இது உடலின் இயற்கை வேண்டும் காலம். இதனை அவசரப்பட்டுக் குறைத்தால் புண் மீண்டும் பிளந்துவிடும்.

இதற்கு அப்பாலும் நீளும் காத்திருத்தல் ஒன்று உண்டு. தொலைவு, வறுமை, செய்வோர் இன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து அதனை விளைவிக்கின்றன. நம் நாட்டில் செயற்கை உறுப்புகள் செய்வதற்கெனப் புனே நகரில் ஒரு நிலையம் 1944-ஆம் ஆண்டிலேயே அமைந்தது. இரண்டாம் உலகப்போரில் உறுப்பிழந்த வீரர்களுக்காகத் தொடங்கப்பெற்ற நிலையம் அது. ஜெய்ப்பூர் நோயாளிகள் தொலைப்பயணம் செய்து அந்நகரை அடைய வேண்டும். பாகூரிலிருந்து செல்பவர்க்கோ இரயில் வழி ஆயிரம் கிலோமீட்டரினும் மிகுதியாகும். சென்ற இடத்தில் தங்க வேண்டும்; அளவு கொடுக்க வேண்டும்; கால் முடியும் வரை காத்திருக்க வேண்டும்; பொருந்தாவிடின் மீண்டும் செல்ல வேண்டும். அன்றாடக் கூலியால் வாழும் ஏழைக்கு இவை யாவும் இயல்வனவோ?

காத்திருக்கும் நாள்களில் உடலும் வாளாவிருப்பதில்லை. பயன்படாத தசைகள் மெலிகின்றன. மடங்கியே இருக்கும் முழங்கால் மூட்டு நிமிர மறுக்கின்றது. ஊன்றுகோல் இரு கைகளையும் பற்றிக்கொள்வதால் கைத்தொழிலும் தடைப்படுகின்றது. எல்லாவற்றிற்கும் மேலாக, மீண்டும் நடப்போம் என்னும் நம்பிக்கை நாள்தோறும் தேய்கின்றது. எனவே, காத்திருத்தல் நீள நீளச் செயற்கைக் கால் கிடைத்தாலும் பயன் குறைகின்றது.

மேலை நாடுகளின் முயற்சி

உறுப்பிழந்தோர்க்கு உதவும் முயற்சி பழமையானது. பிரெஞ்சு நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த படை மருத்துவர் அம்புருவாஸ் பாரே என்பவர், அறுவையின்போது குருதிக் குழாய்களை நூலால் கட்டிக் குருதிப்போக்கைத் தடுக்கும் முறையைப் பரப்பினார். முழங்காலில் மடங்கும் செயற்கைக் கால்களையும் வடிவமைத்தார். நம் காலத்திற்கு அண்மையில், 1960-களில் போலந்து நாட்டு மருத்துவர் மரியன் வைஸ் என்பவர் அறுவை முடிந்தவுடனேயே மாவுக்கட்டு இட்டு, அதில் தற்காலிகக் கால் ஒன்றைப் பொருத்தி நோயாளியை விரைவில் நடக்கச் செய்தார். வியத்தகு முறையே எனினும், பயிற்சி மிக்க குழுவினர் இடையறாது கண்காணிக்கும் பெரிய மருத்துவமனைக்கே அது பொருந்தும்.

சேத்தியின் முன் இருந்த சிக்கலோ வேறு. தம்மிடம் அறுவை செய்துகொண்டு, பொருள் செலவிட்டுச் செயற்கைக் கால் வாங்கிவந்தவர்கள் பலர், சில நாள்களில் அதனைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பியதை அவர் கண்டார். நோயாளிகளின் அறியாமை என்று அதனை ஒதுக்கிவிடாமல், காரணத்தை அவர்களிடமே கேட்டு அறிந்தார்.

அக்காலத்துச் செயற்கைக் கால் மேலை நாட்டாரின் வாழ்க்கைக்கென அமைந்தது. அதன் பாதத்தின் உள்ளே விறைப்பான மரக்கட்டை இருந்தது. அதனை மறைக்கக் காலணி அணிந்தே தீர வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, சமதரையில் காலணியுடன் நடப்பவர்க்கு அது ஏற்றதே. நம் நாட்டு உழவரோ குந்தி அமர வேண்டும்; சம்மணமிட வேண்டும்; மேடுபள்ளமான நிலத்தில் நடக்க வேண்டும்; கோவிலிலும் சமையற்கூடத்திலும் காலணியைக் கழற்ற வேண்டும். நீர் பட்டால் காலணி ஊறிக் கெடும். புதுக் காலணி வாங்கவோ பொருள் இல்லை. நோயாளி காலை வெறுக்கவில்லை. கால்தான் அவர் வாழ்க்கைக்கு இணங்கவில்லை என்பதைச் சேத்தி தெளிந்தார்.

மருத்துவரும் கைவினைஞரும்

அம்மருத்துவமனையில் இராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞர் ஒருவர் பணியாற்றிவந்தார். நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பிப்பது அவர் வேலை. வழிவழியாகக் கலைத்தொழில் புரிந்த குடும்பத்தில் தோன்றியவர். பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே பெற்றவர். ஆயினும் மரம், களிமண், உலோகம் ஆகிய எதுவும் அவர் கைப்பட்டால் உயிர்பெறும். அவரை எல்லாரும் மாஸ்டர்ஜி என்று அன்புடன் அழைத்தனர்.

எடின்பரோவில் பயின்ற மருத்துவரும் ஏட்டுக்கல்வி குறைந்த கைவினைஞரும் ஒரே மேசையில் அமர்ந்து பணியாற்றினர். பாதத்தின் எலும்புகள் எவ்வாறு அமைந்துள்ளன, கணுக்கால் எப்பக்கம் எவ்வளவு திரும்புகின்றது என்பவற்றைச் சேத்தி விளக்கினார். எப்பொருளை எவ்வாறு வளைத்தால் அவ்வசைவு கிட்டும் என்பதைச் சர்மா செய்து காட்டினார். மருத்துவர்கள் காஸ்லிவால், உதாவத் ஆகியோரும் இம்முயற்சியில் துணை நின்றனர்.

தொடக்கத்தில் மரத்தாலும் வேறு பொருள்களாலும் செய்த பாதங்கள் பயன் தரவில்லை. ஒருநாள் சர்மாவின் மிதிவண்டிச் சக்கரம் பழுதுற்றது. அதனைச் சீராக்க ஒரு கடைக்குச் சென்றார். அங்கே தேய்ந்துபோன லாரி டயர் ஒன்றிற்குப் புதிய ரப்பரை ஏற்றிச் சூடாக்கிப் பதப்படுத்திக்கொண்டிருந்தனர். எத்துணைப் பாரத்தையும் கல்லையும் முள்ளையும் நீரையும் தாங்கி உழைக்கும் இந்த ரப்பர், மனிதன் காலாகவும் உழைக்காதோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தோன்றியது என்பர். அவர் பாதத்தின் அச்சு ஒன்றைக் கொண்டுசென்று, அக்கடையிலேயே ரப்பர்ப் பாதம் வார்க்கச் செய்தார்.

முதலில் வார்த்த பாதம் முழுதும் ரப்பராக இருந்தமையால் மிகவும் கனத்தது. வேண்டிய அளவு வளையவும் இல்லை. தோல்வி கண்டு இருவரும் சோர்ந்தாரில்லை. மீண்டும் மீண்டும் மாற்றி அமைத்தனர். முடிவில், முன்பாதத்திற்கும் குதிகாலுக்கும் இலேசான நுண்துளை ரப்பர்க் கட்டைகளை வைத்தனர். கணுக்காலுக்கு மரக்கட்டை வைத்தனர். இவற்றைச் சுற்றி டயரில் உள்ளது போன்ற வலிய நூலிழை ரப்பரைப் பொதிந்து, அதன்மேல் தோல் நிறமுள்ள ரப்பரைப் போர்த்தினர். அனைத்தையும் ஓர் உலோக அச்சில் இட்டுச் சூடாக்கினர். உட்கட்டைகளும் வெளிப்போர்வையும் ஒன்றிப்போய், விரல்களும் நகங்களும் உடைய பாதம் ஒன்று வெளிவந்தது.

1968-ஆம் ஆண்டளவில் உருவான அப்பாதமே பின்னர் உலகெங்கும் ஜெய்ப்பூர்க் கால் எனப் பெயர் பெற்றது. அது முன்னும் பின்னும் வளைந்தது, பக்கவாட்டிலும் சாய்ந்தது. மேடுபள்ளத்திற்கு ஏற்ப இசைந்துகொடுத்தது. அதனை அணிந்தவர் குந்தி அமர்ந்தார், சம்மணமிட்டார், மரம் ஏறினார், சேற்றிலும் நீரிலும் வெறுங்காலுடன் இறங்கினார். நம் நாட்டு உழவர் இழந்த காலுக்கு ஈடாக வேண்டிநின்றது இதுவே அன்றோ?

ஒரு நாளில் ஒரு கால்

பாதம் அமைந்தது; காத்திருத்தல் எவ்வாறு குறைந்தது? பாதங்களைப் பல அளவுகளில் முன்னரே செய்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். நோயாளி வந்தவுடன் எஞ்சிய காலின் மேற்பகுதியை அளவெடுத்து, அதனுள் பொருந்தும் கூட்டினையும் கணைக்கால் பகுதியையும் மட்டும் செய்தால் போதும். அவற்றை அலுமினியத் தகட்டினால் தட்டி உருவாக்க ஜெய்ப்பூரில் கைதேர்ந்த கொல்லர் பலர் இருந்தனர். பித்தளைப் பாத்திரமும் அணிகலனும் செய்து பழகிய கைகள் காலும் செய்யத் தொடங்கின. இதற்குத் தேவைப்பட்டவை உள்ளூரில் கிடைக்கும் பொருள்களும் எளிய கருவிகளுமே.

மேலும், கால் செய்வோரும் அணிவோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். நோயாளி அணிந்து பார்ப்பார், நான்கடி நடப்பார், வலிக்கும் இடத்தைக் காட்டுவார். கைவினைஞர் உடனே அவ்விடத்தைத் தட்டிச் சீர்செய்வார். இவ்வாறு, புண் ஆறிய நிலையில் வரும் ஒருவர் காலையில் ஊன்றுகோலுடன் வந்து, மாலையில் இரு கால்களால் நடந்து வீடு திரும்பும் நிலை உருவாயிற்று. அரியதோர் இயந்திரமும் இன்றி, முறையான சிந்தனையாலும் கைத்திறத்தாலும் பல திங்கள் காத்திருத்தல் ஒரு நாளாகக் குறைந்தது.

ஆயினும், நல்ல முயற்சி பரவுவதற்குக் காலம் வேண்டும். 1968 முதல் 1975 வரை இக்காலைப் பெற்றோர் 60-க்கும் குறைவானவர்களே. விபத்தில் சிக்கிக் காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்ட டி. ஆர். மேத்தா என்னும் ஆட்சித்துறை அலுவலர், 1975-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்னும் தொண்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வருவோரை எந்நேரத்திலும் ஏற்பது, உண்டியும் உறையுளும் அளிப்பது, விலையின்றிக் கால் கொடுப்பது என்பன அந்நிறுவனத்தின் நெறிகள். ஏழைகளின் காத்திருத்தலுக்குக் காரணமான தொலைவும் வறுமையும் இதனால் பெரிதும் நீங்கின. பின்னாளில் அலுமினியத்திற்கு மாற்றாக, நீர்க்குழாய் செய்யப் பயன்படும் நெகிழிக் குழாய்களும் கணைக்கால் செய்யப் பயன்பட்டன.

உலகம் அறிந்த தொண்டு

தம் கண்டுபிடிப்புக்கு உரிமைப் பதிவு செய்து பொருள் ஈட்டச் சேத்தி முனையவில்லை. விரும்பியவர் எவரும் கற்றுச் செய்யலாம் என்னும் நிலையிலேயே அது இருந்தது. அதனால் கண்ணிவெடிகளால் மக்கள் கால் இழந்த நாடுகளுக்கெல்லாம் இக்கால் சென்றது. ஆப்கானிஸ்தானத்துப் போரில் உறுப்பிழந்தோர் பலர் இதனால் நடந்தனர். ஈழத்துத் தமிழ் மக்களுக்காக யாழ்ப்பாணத்திலும் 1987-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர் என்னும் பெயரைத் தாங்கிய நிலையம் ஒன்று தோன்றியது.

சுதா சந்திரன் என்னும் பரதநாட்டியக் கலைஞர் 1981-ஆம் ஆண்டில், தம் இளம்பருவத்தில், தமிழ்நாட்டில் பேருந்து விபத்தொன்றில் சிக்கி ஒரு காலை இழந்தார். அவர் ஜெய்ப்பூர் சென்று சேத்தியைக் கண்டார். நடப்பதற்கென அமைந்த கால் நடனத்திற்கும் ஏற்றதாக அவருக்கெனத் திருத்தி அமைக்கப்பட்டது. வலியையும் குருதிக் கசிவையும் பொறுத்து நெடுநாள் பயின்ற சுதா, 1984-ஆம் ஆண்டில் மீண்டும் மேடையேறி ஆடினார். அவர் வரலாறு மயூரி என்னும் தெலுங்குத் திரைப்படமாகவும் வெளிவந்தது. கால் கிடைப்பது ஒரு நாளில் கைகூடலாம். அதனைத் தம் உடலின் பகுதியாக்கிக்கொள்ளப் பயிற்சியும் மனவுறுதியும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

சேத்தியின் தொண்டினைப் பாராட்டி 1981-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் ரமோன் மக்சேசே விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. புகழ் பெருகியபோதும், விரைவு என்னும் பெயரால் பொருத்தத்தில் குறை நேர்தல் கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார். பொருந்தாத கூடு எஞ்சிய காலைப் புண்ணாக்கும்; புண்பட்ட நோயாளி மீண்டும் திண்ணைக்கே திரும்புவார். ஆகையால் எத்தனைக் கால்கள் வழங்கப்பட்டன என்பதைவிட, எத்தனை பேர் அவற்றை அணிந்து தொழில் செய்கின்றனர் என்பதே அவருக்குப் பெரிதாகத் தோன்றியது.

பல்லாயிரவர் நடக்கத் துணை நின்ற அப்பெருமகனார் 2008-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள் ஜெய்ப்பூரில் இயற்கை எய்தினார். இன்று பள்ளியில் பயிலும் மாணவர் பலர் பிறப்பதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். எனினும் அவர் வகுத்த வழி மறையவில்லை.

அவர் வாழ்வு உணர்த்துவது

நோயாளி தந்த விடையைப் பாடமாகக் கொண்டவர் சேத்தி. படிப்பில்லாதவர் எனப் பிறர் கருதக்கூடிய கைவினைஞரைத் தமக்கு இணையாக மதித்தவர் அவர். மேலை நாட்டு அறிவை ஏற்றுக்கொண்டும், நம் மண்ணின் வாழ்க்கைக்கு ஏற்ப அதனை மாற்றிக்கொண்டும் செயற்பட்டவர். நூலறிவும் கைத்திறமும் பிரிந்து நின்றவரை ஏழையின் காத்திருத்தல் நீண்டது. இரண்டும் கைகோத்த அன்றே அது குறைந்தது.

பாகூர் வயல்களிலும் வில்லியனூர்த் தோட்டங்களிலும் உழைப்போர் எவரும் நோயாலோ விபத்தாலோ கால் இழத்தல் கூடும். அவர் அருகில் உள்ளோர்க்குச் சில கடமைகள் உண்டு. புண் ஆறும் நாள்களிலேயே மருத்துவர் கூறும் பயிற்சிகளைச் செய்யத் தூண்டுதல் வேண்டும். மூட்டு மடங்கியே இருக்க விடலாகாது. புண் ஆறியவுடன் காலந்தாழ்த்தாமல் செயற்கைக் கால் வழங்கும் நிலையத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். விதி என்று சொல்லி அவரைத் திண்ணையில் அமர்த்திவிடுதல் பெரும் பிழையாகும்.

இழந்த கால் மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும் இழந்தவர் மீண்டும் தம் வரப்பில் நடக்கலாம். தம் வயலில் இறங்கலாம். தம் வீட்டாருடன் சம்மணமிட்டு அமர்ந்து உண்ணலாம். அதற்காக அவர் காத்திருக்கும் நாள்களை ஒவ்வொன்றாகக் குறைப்பதே மருத்துவர் சேத்தி மேற்கொண்ட பெரும்பணி. அப்பணியைத் தொடர்வது பின்வந்தோர் கடமையாகும்.